அப்பா சொன்னார் என்பது ஆதாரமா?

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், முருங்கை மரத்தில் சாய்ந்தபடி ஒரு பழைய ஹாக்கி மட்டை நிற்கும். அதன் வளைந்த முனையால் தாழ்ந்த கிளையை இழுத்துப் பிடித்துத்தான் அம்மா காய் பறிப்பாள். அப்பா இருந்தவரை அது கூடத்துச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே இருந்தது. அவர் போன பிறகு வெள்ளையடிக்க வந்தவர்கள் கழற்றி வைத்தார்கள். திரும்ப மாட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மட்டைக்கு ஒரு கதை உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு காட்சிப் போட்டி நடந்ததாம். ஒலிம்பிக்கில் ஆடிய ஒருவர் அதில் ஆட வந்திருந்தாராம். ஆட்டம் முடிந்ததும் தன் மட்டையில் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அப்பா இதைச் சொல்வார். கோவில்பட்டி ஹாக்கி ஊர். அங்கே இப்படி ஒரு மட்டை வீட்டில் இருப்பது சின்ன கௌரவம் இல்லை.

2022 மே மாதம் மாரடோனாவின் சட்டை ஒன்று லண்டனில் ஏலம் போன செய்தியைப் படித்தேன். விலை 71 லட்சம் பவுண்டுக்கும் மேல். பெங்களூரில் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது, அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு எழுந்திருந்தது. அன்று இரவே விளையாட்டு நினைவுப் பொருட்களை ஏலத்துக்கு எடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு மட்டையின் படங்களை அனுப்பினேன். ஆசை என்று சொல்வதா, வெறும் ஆர்வம் என்று சொல்வதா? இரண்டும்தான்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. மரியாதையான கடிதம். மூன்று கேள்விகள் இருந்தன. இதைப் பயன்படுத்தியவர் யார்? எந்த ஆட்டத்தில்? இரண்டுக்கும் என்ன ஆதாரம்? குடும்பத்தினர் சொல்லும் கதையை மட்டும் வைத்துப் பட்டியலில் சேர்ப்பது எங்கள் வழக்கம் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

நியாயமான கேள்விகள்தான். ஆனால் அதைப் படித்த அந்த நிமிடத்தில், என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, அப்பா சொன்னது பொய்யாக இருக்குமோ என்று நினைத்தேன். இந்தக் கட்டுரை அந்த நிமிடத்தைப் பற்றியது.

*

முதலில் இந்தச் சந்தை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஏல நிறுவனம் பெரும்பாலும் உங்களிடமிருந்து பொருளை விலைக்கு வாங்குவதில்லை. நீங்கள் அதை ஒப்படைக்கிறீர்கள். அவர்கள் பரிசோதித்து, படமெடுத்து, பட்டியலில் போட்டு, உத்தேச விலை சொல்லி ஏலம் விடுகிறார்கள். விற்கும் வரை பொருள் உங்களுடையது. இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ஒரு அடிமட்ட விலையையும் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம். விற்றால் உங்கள் தொகையில் ஒரு பங்கை அவர்கள் கமிஷனாக எடுத்துக்கொள்வார்கள். வாங்குபவரும் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஒரு சதவீதம் கட்ட வேண்டும். 100 ரூபாய்க்குச் சுத்தியல் விழுந்தால் வாங்குபவர் 120 கொடுப்பார், விற்பவர் கைக்கு 90 வரும் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் 30 ரூபாய் எதற்காக? நம் ஊர்த் தரகரைப் போல வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பதற்கு மட்டும் இவ்வளவு கொடுக்க மாட்டார்கள். ஒருவரையொருவர் அறியாத இருவருக்கு நடுவே நின்று, 'இது அதுதான்' என்று சொல்வதற்கான கூலி அது.

'இது அதுதான்' என்று எப்படிச் சொல்கிறார்கள்? கையெழுத்து என்றால் அதே ஆளின் வேறு காலத்துக் கையெழுத்துகளோடு ஒப்பிடுவார்கள், மையையும் பார்ப்பார்கள். அச்சிட்ட அட்டை என்றால் மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் போடுவார்கள். ஆட்டத்தில் அணிந்த சட்டை என்றால் பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கி, தையல் எங்கே கோணியிருக்கிறது, எண்ணின் ஓரம் எந்தக் கோட்டைத் தொடுகிறது, கறை எங்கே என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அட்டை எவ்வளவு தொடப்படாமல் இருக்கிறதோ அவ்வளவு விலை. சட்டையோ எவ்வளவு வியர்த்து, கிழிந்து, அழுக்காகி இருக்கிறதோ அவ்வளவு விலை. புறநானூற்றில் 95ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. அதியமானுக்காகத் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலில் வைத்த ஆயுதங்கள். ஔவை புகழ்வதுபோலப் புகழ்ந்துவிட்டு, எங்கள் அரசனுடைய வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். அந்த இரண்டு கொட்டில்களும் இன்றைக்கு ஒரே ஏலப் பட்டியலில் இருக்கின்றன. அதியமானின் முறிந்த வேலைத்தான் முன்பக்கத்தில் போடுவார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் முறிந்தது போரில்தானா என்பதற்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

*

மாரடோனா சட்டைக்கு வருவோம். 1986 ஜூன் 22, மெக்சிகோ நகரின் அஸ்டெகா மைதானம். உலகக் கோப்பைக் கால் இறுதி, அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும். ஃபாக்லாந்து போர் முடிந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இரண்டாம் பாதியில் நான்கு நிமிட இடைவெளியில் மாரடோனா இரண்டு கோல் போட்டார். ஒன்று கையால் தள்ளியது. இன்னொன்று பாதி மைதானத்தை ஒற்றை ஆளாகக் கடந்து போட்டது. கால்பந்து வரலாற்றின் மிகப் பெரிய மோசடியும் மிகப் பெரிய அழகும் ஒரே சட்டைக்குள் நடந்தன.

அந்தச் சட்டை அவசரத்துக்கு வாங்கியது. கையிருப்பில் இருந்த நீலச் சட்டைகள் வெயிலுக்குக் கனமாக இருந்ததால், ஆட்டத்துக்கு முன்பு மெக்சிகோ நகரக் கடையிலேயே வேறு சட்டைகளை வாங்கி, அமெரிக்கக் கால்பந்து பாணியில் பளபளக்கும் வெள்ளி எண்களைப் பதித்துக் கொடுத்தார்கள். துணி என்று பார்த்தால் யாரும் அணியக்கூடிய கடைச் சட்டை.

ஆட்டம் முடிந்து அதை வாங்கிக்கொண்டவர் இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ். முதல் கோலுக்கு முன் பந்தைத் தவறாக உயரே தூக்கித் தன் கோல் பக்கமே அனுப்பியவர் அவர்தான். அங்கேதான் மாரடோனாவின் கை காத்திருந்தது. சட்டையைப் பல ஆண்டுகள் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்துக்கு இரவலாகக் கொடுத்திருந்தார். மாரடோனா 2020 நவம்பரில் இறந்தார். 2022இல் ஹாட்ஜ் விற்றார். அதே ஆண்டு நவம்பரில் அந்த ஆட்டத்தின் பந்தும் ஏலத்துக்கு வந்தது. விற்றவர் நடுவர் அலி பின் நாசர். கையைப் பார்க்கத் தவறியவர். பந்து 20 லட்சம் பவுண்டுக்குப் போனது.

ஒரு தவறான உதை, ஒரு தவறிய பார்வை. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து இரண்டும் பணமாகின. மாரடோனாவுக்கு இதில் சல்லிக்காசு இல்லை. இது நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் தோன்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஹாட்ஜ் எதையும் திருடவில்லை. கேட்டார், கொடுத்தார்கள். தன் சட்டையைப் பதிலுக்குக் கொடுத்தார். அன்றைக்கு இரண்டும் ஒரே மாதிரி வியர்வையில் நனைந்த துணிகள். அதன் பிறகு அந்தத் துணி தொலையாமல், எலி கடிக்காமல், துவைக்கப் போடாமல் இருந்ததற்குக் காரணம் ஹாட்ஜ் மட்டுமே. செய்தவனுக்கு ஒரு உரிமை உண்டென்றால் காத்தவனுக்கும் ஒரு உரிமை உண்டு.

ஏலத்துக்கு முன் மாரடோனாவின் மகள் ஒரு சந்தேகம் கிளப்பினார். ஹாட்ஜிடம் இருப்பது முதல் பாதியில் அணிந்த சட்டை, கோல் போட்ட சட்டை இல்லை என்றார். யோசித்துப் பாருங்கள். இரண்டும் அதே ஆட்டத்தில் அதே மனிதர் அணிந்த சட்டைகள். நாற்பத்தைந்து நிமிட வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் பல லட்சம் பவுண்டு. ஏல நிறுவனம் புகைப்படங்களோடு பொருத்திப் பார்த்து, இரண்டு கோலுக்கும் இதே சட்டைதான் என்று அறிவித்தது. சுத்தியல் விழுந்தது.

*

வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஓர் அசல் பொருளுக்கு அது இருந்த இடத்தாலும் காலத்தாலும் ஓர் ஒளிவட்டம் கிடைக்கிறது, புகைப்படம் போன்ற மறு உற்பத்திக் கருவிகள் அந்த ஒளிவட்டத்தை அழிக்கின்றன என்றார். ஏலச் சந்தையில் இது தலைகீழாகிவிட்டது. அசலுக்கு ஒளிவட்டம் உண்டு என்று இன்றைக்குச் சான்று சொல்வதே புகைப்படம்தான். ஆயிரக்கணக்கில் பிரதியெடுக்கக்கூடிய படம் சாட்சிக் கூண்டில் ஏறி, பிரதியெடுக்க முடியாத சட்டைக்காகச் சத்தியம் செய்கிறது.

ஆனால் அசல் மீதான ஆசை வெறும் பணக்காரப் பித்து இல்லை. உளவியலாளர்கள் புரூஸ் ஹூடும் பால் புளூமும் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எதை வைத்தாலும் அச்சு அசலாக நகலெடுக்கும் பெட்டி என்று ஒரு தந்திரப் பெட்டியைக் காட்டி, இங்கிலாந்து ராணியின் பொருள் என்று ஒன்றை 'நகலெடுத்து'க் கொடுத்தால், குழந்தைகள் அசலுக்கே அதிக மதிப்புக் கொடுத்தார்கள். புளூமும் ஜார்ஜ் நியூமனும் பிரபலங்களின் பொருள் ஏலங்களையும் ஆராய்ந்தார்கள். கென்னடி போன்ற விரும்பப்பட்டவர்கள் எவ்வளவு தொட்டிருப்பார்கள் என்று நினைக்கிறோமோ அவ்வளவு அதிக விலை கொடுக்கிறோம். பிடித்த ஒருவரின் ஸ்வெட்டரைக் கிருமி நீக்கம் செய்துவிட்டோம் என்று சொன்னால் ஆசை குறைந்துவிடுகிறது.

நமக்கு இதை விளக்க ஆய்வு தேவையில்லை. பாட்டியின் பழம்புடவையில் சுற்றித் தூங்கிய எந்தக் குழந்தைக்கும் தெரியும். வித்தியாசம் ஒன்றுதான். பாட்டியின் புடவை பாட்டியுடையது என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தையில் நிரூபித்தாக வேண்டும். அங்கே விலை போவது கடந்த காலம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் விலை போவது நீக்கப்பட்ட சந்தேகம். எவ்வளவு சந்தேகம் நீங்கியதோ அவ்வளவு பணம்.

நான் அலுவலகத்தில் செய்யும் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். இப்போது கணினிப் பாதுகாப்பில் 'ஜீரோ டிரஸ்ட்' என்று ஒரு கொள்கை இருக்கிறது. உள்ளே இருப்பவன், வெளியே இருப்பவன் என்று பார்க்காதே. எவனையும் நம்பாதே. ஒவ்வொரு முறை கதவைத் தட்டும்போதும் அடையாளம் கேள். நேற்று வந்தவன்தான் என்பது இன்றைக்கு ஆதாரம் ஆகாது. நல்ல கொள்கை. அதை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். அந்தக் கடிதம் வந்த இரவில் அதே கொள்கையை அப்பாவின் மேல் போட்டுப் பார்த்தேன்.

*

சந்தேகம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. இந்தச் சந்தை ஏமாற்றுக்காரர்களால் நிறைந்தது. அமெரிக்காவில் புகையிலைப் பெட்டிகளோடு வந்த ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை, சேகரிப்பாளர்களுக்கு மகுடம் போன்றது. நூறு ஆண்டுக்கு முந்தையது. அதில் ஒன்று அதிசயமாகக் கூர்மையான ஓரங்களோடு இருந்தது. 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு அதை வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. என்ற மதிப்பீட்டு நிறுவனம் மதிப்பெண் போட்ட முதல் அட்டை அதுதான். எட்டு மதிப்பெண். 2007இல் 28 லட்சம் டாலருக்குப் போனது. அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக 2013இல் ஒப்புக்கொண்டார். தன் ஏலங்களில் பொய்க் கேள்வி போட்டு விலையை ஏற்றிய குற்றத்துக்காக 20 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அமெரிக்கப் புலனாய்வுத் துறை 1990களில் நடத்திய ஒரு சோதனையில் பிடிபட்ட போலிக் கையெழுத்துப் பந்துகளில் அன்னை தெரசா கையெழுத்திட்டதும் இருந்தது. பேஸ்பால் பந்தில் அன்னை தெரசா! அதற்கும் வாங்க ஆள் இருந்திருக்கிறார்கள்.

எனவே அந்நியர்கள் சந்திக்கும் இடத்தில் ஆதாரம் கேட்பது ஒழுக்கக் கேடு ஆகாது. அதுதான் அங்கே ஒழுக்கம்.

ஆதாரமும் விலையும் இல்லாமல் வெறும் மரியாதை மட்டும் இருந்தால் என்ன ஆகும்? அதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. பல்பீர் சிங் சீனியர். 1948, 1952, 1956 என மூன்று ஒலிம்பிக் தங்கம். ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா போட்ட ஆறு கோலில் ஐந்து அவருடையது. 1985இல், அருங்காட்சியகம் வரப்போகிறது என்று சொன்னதை நம்பி, மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தலைவராக அணிந்த பிளேசர், 36 பதக்கங்கள், நூற்றுக்கு மேற்பட்ட புகைப்படங்கள் என எல்லாவற்றையும் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் கொடுத்தார். விற்கவில்லை, கொடுத்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த கண்காட்சிக்காகக் கேட்டபோதுதான் அவை காணாமல் போயிருப்பது தெரிந்தது. குடும்பம் ஆண்டுக்கணக்கில் அலைந்தது. 2020 மே மாதம் அவர் இறந்தார். பொருட்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

'விற்காதீர்கள், தேசத்துக்குக் கொடுங்கள்' என்று உபதேசம் செய்பவர்கள் இந்தக் கதைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏலத்தில் வாங்கியவர் ஒரு பிளேசரைத் தொலைக்க மாட்டார். அவர் பல்பீர் சிங்கை நேசிக்கிறாரோ இல்லையோ, கொடுத்த பணத்தை நேசிப்பார். பக்தியைவிட விலை நல்ல காவல்காரன் என்பது எனக்குப் பிடிக்காத உண்மை. ஆனாலும் உண்மை. 1966இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வென்று கொடுத்த நாபி ஸ்டைல்ஸ் 2010இல் தன் பதக்கங்களை ஏலத்தில் விற்றார். உலகக் கோப்பைப் பதக்கத்தை வாங்கியது அவர் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட்டே. பதக்கம் தன் வீட்டுக்குப் போனது, அவர் குடும்பத்துக்குப் பணம் வந்தது. இதில் யாருக்கு என்ன குறை?

விற்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. கே.டி. ஜாதவ் 1952 ஹெல்சிங்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்றவர். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம். அவரை அனுப்ப ஊரே பணம் திரட்டியது. கோலாப்பூரில் அவர் படித்த கல்லூரியின் முதல்வர் தன் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வார்கள். 2017இல், அரசு வாக்களித்த மல்யுத்தப் பயிற்சி மையம் வரவில்லை என்பதால், பதக்கத்தை ஏலம் விட்டு நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று குடும்பம் அறிவித்தது. அந்தப் பதக்கம் யாருடையது? சட்டப்படி குடும்பத்துடையது. ஆனால் அந்த வெண்கலத்துக்குள் ஓர் ஆசிரியரின் வீடு இருக்கிறது. ஏலப் பட்டியலில் அதை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

*

கடைசியில் நானும் ஆதாரம் தேடிப் போனேன். அப்பாவோடு ஒரே அணியில் ஆடிய பெரியவர் ஒருவர் இன்னும் ஊரில் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். மட்டையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பார்த்ததும் வாங்கிக்கொண்டார். இடது கை மேலேயும் வலது கை கீழேயும் தானாகப் போய் அமர்ந்தன. உட்கார்ந்த இடத்திலேயே தரையில் இல்லாத பந்தை ஒருமுறை தட்டினார்.

"அந்த மேட்ச் நடந்ததுல்லா மாமா?" என்றேன்.

"நடக்காம? நாங்க மூணு கோல்ல தோத்தோம்."

"அவரு இத அப்பாகிட்ட குடுத்தாரா?"

பெரியவர் சிரித்தார். "உங்கப்பாகிட்டயா? டீமுக்குல்லாய்யா குடுத்தாரு. நல்லா வெளாடுறீங்கன்னு சொல்லிக் குடுத்தாரு. உங்கப்பா சைக்கிள்ல கட்டிக் கொண்டு போனான். அப்படியே அவன் வீட்லயே இருந்துட்டு."

"யாரும் திருப்பிக் கேக்கலயா?"

"எதுக்குக் கேக்கணும்?"

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆட்டம் நடந்தது உண்மை, மட்டை உண்மை, கையெழுத்து உண்மை. அப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் 'எங்களுக்கு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஐம்பது வருடமாக 'எனக்கு' என்று சொல்லியிருக்கிறார். இது பொய்யா? ஏல நிறுவனத்தின் அளவுகோலில் இது பெரிய சிக்கல். உரிமையே கேள்விக்குள்ளாகிறது. பதினோரு பேரின் வாரிசுகள் கையெழுத்துப் போட்டால்தான் மட்டையை விற்க முடியும்.

சான்பிரான்சிஸ்கோவில் இப்படி ஒரு வழக்கு நடந்தது. 2001இல் பாரி பாண்ட்ஸ் அடித்த 73ஆவது ஹோம்ரன் பந்து ஒருவரின் கையுறையில் விழுந்தது. கூட்டம் அவர்மேல் பாய்ந்தது. நெரிசலில் உருண்டு வந்த பந்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். பந்து யாருடையது? வழக்கு ஓர் ஆண்டுக்கு மேல் நடந்த பிறகு நீதிபதி, இருவருக்கும் சம உரிமை உண்டு, விற்றுப் பாதிப் பாதியாகப் பிரியுங்கள் என்றார். 4,50,000 டாலருக்குப் போனது. முதலில் பிடித்தவரிடம் அவருடைய வழக்கறிஞர் கேட்ட கட்டணமே அவர் பங்கைவிட அதிகம். பொதுவான சந்தோஷத்தைப் பங்கு போட ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு நல்ல உதாரணம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். டீமுக்குக் கொடுத்ததை அப்பா தன்னுடையது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். ஒரு குற்றப்பத்திரிகை வாசிக்கும் தொனி என் குரலில் இருந்திருக்க வேண்டும். அம்மா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள். நிமிரவில்லை.

"அது எனக்குத் தெரியுமேய்யா. ஞாயித்துக்கிழமைன்னா அத்தன பேரும் இங்கதான கெடப்பாங்க. அவங்க எல்லாருக்கும் நாந்தான் காப்பி போட்டுக் குடுத்தேன். ஸ்டிக்கு யாரு வீட்ல இருந்தா என்ன?"

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். "விக்கணும்னா வித்துக்கோ. கடன் இருக்குங்க, நான் வேண்டாங்கல. ஆனா உங்கப்பா சொன்னது நெசமான்னு ஊரெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியாத."

அவள் பிரித்துப் பார்த்த விதத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. விற்பதில் அவளுக்கு வருத்தம் இல்லை. ஹாட்ஜ் விற்றதிலும் ஸ்டைல்ஸ் விற்றதிலும் தவறில்லை என்று நான் இவ்வளவு பக்கம் சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். அவளை உறுத்தியது, வீட்டுக்குள் நம்பிக்கையால் நின்ற ஒரு சொல்லை வெளியே கொண்டுபோய் நான் நிறுத்துப் பார்த்தது. அந்நியனிடம் ஆதாரம் கேட்பது நாணயம். அப்பாவிடம் கேட்பது வேறு. அதுவும் பதில் சொல்ல அவர் இல்லாதபோது. இரண்டுக்கும் ஒரே கொள்கையைப் போட்டதுதான் நான் செய்த பிழை.

அதே சமயம் பல்பீர் சிங்கின் பிளேசரையும் மறக்க முடியவில்லை. எழுதி வைக்காத அன்பு ஒரு தலைமுறைக்கு மேல் தாங்காது. பெரியவர் போய்விட்டால் 'எங்களுக்கு' என்ற சொல்லும் போய்விடும். 'எனக்கு' மட்டும் மிஞ்சும். அதற்கு அப்புறம் என் மகளிடம் நான் சொல்லப் போவது அரைக் கதைதான்.

அன்று சாயங்காலம் ஒரு தாளில் எழுதினேன். எந்த ஆட்டம், யார் வந்தார், எவ்வளவு கோலில் தோற்றார்கள், மட்டை யாருக்குக் கொடுக்கப்பட்டது, யார் வீட்டில் இருந்தது, யார் காபி போட்டுக் கொடுத்தது எல்லாம். பெரியவருக்கு நினைவில் இருந்த எட்டுப் பேரின் பெயர்களையும் எழுதினேன். அவரிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன். "இது எதுக்குய்யா, யாருக்குக் காட்டணும்?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை மாமா என்றேன். ஏல நிறுவனம் இந்தத் தாளை ஏற்காது. ஐம்பது வருடம் கழித்து ஒரு எண்பது வயதுக்காரர் சொல்வதற்கு அங்கே மதிப்பெண் குறைவு. அவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதி முடித்துக்கொண்டேன்.

கூடத்துச் சுவரில் பழைய ஆணிகள் அப்படியே இருந்தன. மட்டையைத் துடைத்து மாட்டினேன். தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அதன் பின்னால் செருகினேன். அம்மா வந்து பார்த்தாள்.

"சரி, மாட்டியாச்சு. நான் முருங்கக்காய எத வச்சுப் பறிக்க? ஊருக்குப் போறதுக்கு முன்னால ஒரு தொரட்டி வாங்கிக் குடுத்துட்டுப் போ."